வாய் வைக்காத போத்தல்

அந்த ரம் வடிசாலையைச் சுற்றிப் பார்க்க, அதன் இணையத்தளத்தில் ஒரு ஆளுக்கு மட்டும் இடம் எடுக்க முடியாது. குறைந்தது இரண்டு பேர் வேண்டும். நானும் திரும்பத் திரும்ப அமத்திப் பார்த்தேன். இரண்டு ஒன்றாகக் குறைய மாட்டேன் என்று நின்றது. தனியாக வருகிற ஆளுக்குத் தொண்டை இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ. வந்த எரிச்சலில் இரண்டு இடம் எடுத்தேன். மற்ற இடம் ஆருக்கு என்று அது கேட்கவில்லை, நல்ல காலம்.

நான் ரம் காய்ச்சுகிறவள். ஐம்பதைத் தாண்டிய, கலியாணம் கட்டாத, வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று மச்சம் தொடாத யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இப்படி எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் ஒன்றில் மற்றவர்களின் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என் தொழில். சிட்னியில், மெரிலேண்ட்ஸில், ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். முன்பு அம்மாவும் கூட இருந்தார். அவர் போன பிறகு வார இறுதிகளில் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சின்னச் செப்புக் கொதிகலன் வாங்கினேன். சுவாமி படத்துக்குத் தெளிக்கப் பன்னீர் வடிப்பதாகத்தான் எண்ணம். ரோசாப்பூவும் தண்ணீரும், அதில் ஒரு குற்றமும் இல்லை.

பிறகு ஒரு நாள், அம்மாவின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வாங்கி மிஞ்சிய சர்க்கரைக் கட்டிகள் குசினி அலுமாரியில் இளகிக் கிடப்பதைக் கண்டேன். பொங்கிச் சாப்பிட ஆளில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. வாளியில் கரைத்து ஈஸ்ட் போட்டேன். அது நுரைத்துப் பொங்கியது. அதற்குப் பிறகு நான் செய்தது இந்த நாட்டின் சட்டத்துக்குப் பொருந்தாது. அனுமதி இல்லாமல் மது வடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஊரில் களவாகக் காய்ச்சும் சாராயத்தைக் கசிப்பு என்பார்கள். பிடிபட்டால் எங்கள் சனத்துக்கு ஒரு வருடத்துக்குக் கதைக்கப் போதும்: "அறிஞ்சனீங்களோ, கசிப்புக் காய்ச்சினவவாம்!"

காய்ச்சும் நாட்களில் மணத்தை மறைக்க வாசலில் சாம்பிராணி போடுவேன். மேல்மாடியில் தனியாக இருக்கும் அன்ரி ஒருவர், எழுபத்தைந்து வயதிருக்கும், படிக்கட்டில் என்னைக் கண்டால் கன்னத்தைத் தடவி, "இந்தக் காலத்தில இப்பிடிப் பக்தியான பிள்ளை ஆர் இருக்கினம்?" என்று சொல்லுவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

எனக்குக் குடிக்கிற ஆசை பெரிதாக இல்லை. ஒரு மேசைக்கரண்டி போதும். காய்ச்சுவதுதான் பிடிக்கும். ஆனால், நான் காய்ச்சியதை என்னைத் தவிர ஒரு சீவனும் வாயில் வைத்ததில்லை. சமைக்கிறவளுக்குச் சாப்பிட ஆள் வேண்டாமா? எங்கள் வீட்டு விழாக்களில் ஆண்கள் கராஜில் விஸ்கியோடு நிற்பார்கள், பெண்கள் ஹோலில் சோடாவோடு இருப்பார்கள். நான் கராஜுக்குப் போய், "அண்ணை, நான் காய்ச்சினது, ஒரு வாய் பாருங்கோ" என்று நீட்டினால் என்ன நடக்கும்? ஐயோ கடவுளே, நினைக்கவே வேர்க்கிறது.

அதனால்தான் அந்த வடிசாலை. ரம் தெரிந்த ஒரே ஒரு ஆள் என்னுடையதைக் குடித்துவிட்டு, நல்லது என்றோ கூடாது என்றோ முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி, பலசரக்குக் கடைப் பையால் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை ரெயின் ஏறினேன்.

ரெயின் இரண்டு ஸ்டேஷன்கூடத் தாண்டவில்லை, மேல்மாடி அன்ரி போனில் வந்தார்.

"எங்கை பிள்ளை நிக்கிறாய்? கதவைத் தட்டினன், சத்தத்தைக் காணேல்லை."

"கோயிலுக்குப் போறன் அன்ரி." வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஹெலன்ஸ்பர்க்குக்கோ? ரெயின் சத்தம் கேக்குது. ரெயினில ஆரடி அந்தக் காட்டுக் கோயிலுக்குப் போறது?"

"சென்ட்ரலில ஒரு சிநேகிதி காரோட நிக்கிறா. அவவோட போறன்."

"ஓ. சொல்லியிருந்தா நானும் வெளிக்கிட்டிருப்பன். சரி, அடுத்த முறை பாப்பம். எனக்கும் பிரசாதம் கொண்டு வா, என்ன?"

"ஓம் அன்ரி, கட்டாயம்."

இப்படித்தான் எனக்கு ஒரு சிநேகிதி பிறந்தாள். கார் வைத்திருக்கிறாள், கோயிலுக்குப் போகிறாள். அன்று பகல் முழுக்க அவள் என்னை விட்டுப் போகவில்லை.

வடிசாலை விமான நிலையத்துக்குக் கிட்ட, கார் திருத்தும் கடைகளுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் கதைத்துக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக் காத்திருந்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். வாசலில் றப்பர் பூட்ஸோடு ஒரு பெண் நின்றார். குட்டையாக வெட்டிய நரைத்த முடி, பெரிய கைகள், என் வயதுதான் இருக்கும். காய்ச்சுவதும் அவர்தான், சுற்றிக் காட்டுவதும் அவர்தான், கூட்டித் துடைப்பதும் அவர்தான். அவர் பேசியது ஆங்கிலம். என் மனதில் அது எங்கள் பேச்சாகவே பதிந்து கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"ரெண்டு பேர் எண்டு இருக்கு. மற்ற ஆள் எங்கை?"

"பிந்தி வருவா. கார் நிப்பாட்ட இடம் தேடுறா."

"இங்கை இடம் பிடிக்கிறது கரைச்சல்தான்," என்று அவர் இரக்கப்பட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

உள்ளே நீளமான மேசை. எனக்கு முன்னால் இரண்டு கதிரை, இரண்டு சின்னக் கிளாஸ். மற்றவர்கள் எல்லோரும் சோடி சோடியாக வந்திருந்தார்கள். எதிரே ஓர் இளம் தம்பதி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தபடி. நான் கைப்பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்தேன். வெறுமையாக இருப்பதற்கு அது பரவாயில்லை.

சும்மா சொல்லக் கூடாது, கொதிகலனைக் கண்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. ஆள் உயரச் செம்பு! கரும்பாலையில் சீனி எடுத்த பிறகு மிஞ்சும் கறுத்தப் பாணியைப் புளிக்க வைத்து அதில் காய்ச்சுகிறார்கள். முதலில் வருவது நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி மணக்கும், அதைக் கொட்ட வேண்டும். நடுவில் வருவதுதான் ரம். கடைசியில் வருவது நனைந்த அட்டைப்பெட்டி மணம், அதையும் சேர்க்கக் கூடாது. எங்கே நிறுத்துவது என்பதை மூக்குத்தான் சொல்ல வேண்டும். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். என்றாலும் இன்னொருவர் வாயால் கேட்கும்போது எவ்வளவு சந்தோசம்! இத்தனை காலமும் அதை நான் என் குசினிச் சுவருக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஓம், ஓம்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினேன். இரண்டு வருடமாவது மரப்பீப்பாயில் கிடந்தால்தான் இங்கே அதை ரம் என்று விற்கலாம் என்றார். அப்படியென்றால் என்னுடையதற்குப் பெயரே கிடையாது.

பிறகு ஒரு பீப்பாயைத் திறந்து, நீளக் குழாயால் உறிஞ்சி எடுத்து, தண்ணீர் கலக்காததை எல்லோருடைய கிளாஸிலும் ஊற்றினார். என் சிநேகிதியின் கிளாஸிலும் ஊற்றினார்.

மற்றவர்கள் மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, உதட்டை நனைத்தார்கள். நான் தலையை அண்ணாந்து, கிளாஸை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, மடக்கென்று தொண்டைக்குள் ஊற்றினேன்.

யோசித்துச் செய்யவில்லை. பிறந்ததிலிருந்து தண்ணீரோ மோரோ அப்படித்தான். ஆனால் அது தண்ணீரா? நெருப்பு! நெஞ்சு வரைக்கும் பற்றியது. இருமினேன், கண்ணால் மூக்கால் எல்லாம் தண்ணீர் ஓடியது. எதிரே இருந்த பெண் பதறிப்போய்த் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அதையும் வாங்கி அண்ணாந்து ஊற்ற, பாதி சட்டையில் போயிற்று. மேசை முழுக்க என்னையே பார்த்தது.

"என்ன வேலை பாத்தனீங்கள்? நேர தொண்டைக்குள்ள விட்டுட்டீங்களே!" என்று வடிசாலைக்காரி முதுகைத் தடவினார்.

"பழக்கம். எங்கட ஆக்கள் வாய் வைக்காமல்தான் குடிக்கிறது."

"ஏன் அப்பிடி?"

"எச்சில் படக் கூடாது. எங்களுக்குப் பிறகு குடிக்கிற ஆளுக்குச் சுத்தமா இருக்க வேணும்."

அவர் என் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். அதில் இருந்தது மொத்தமே ஒரு வாய். "இதில உங்களுக்குப் பிறகு ஆர் குடிக்கப் போகினம்?"

நக்கலில்லை. அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்டார். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் கூடச் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி தொண்டை எரிவு அடங்கிய பிறகும் அடங்கவில்லை. என் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. வேலையால் வந்ததும் அதை எடுத்து அண்ணாந்து குடிப்பேன். அம்மா இருந்த காலத்தில் அம்மாவும் அதில்தான் குடிப்பார். அம்மாவுக்குப் பிறகு அதில் என்னைத் தவிர ஒருவரும் குடித்ததில்லை. என்றாலும் நேற்று வரைக்கும் ஒரு சொட்டு எச்சில் படாமல் அதைக் காப்பாற்றி வைத்திருந்தேன். ஆருக்காக? ஒரு நாளாவது என்னை நானே கேட்டிருப்பேனா?

"என்ர சிநேகிதி இருக்கிறாதானே," என்றேன்.

வடிசாலைக்காரி அந்தக் கதிரையைப் பார்த்தார், கைப்பையைப் பார்த்தார்.

சுற்றிக் காட்டி முடிந்து, ஆட்கள் போத்தல்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை. அவர் கிளாஸ்களைக் கழுவ எடுத்துக்கொண்டு வந்தபோது கைப்பையைத் திறந்து, கடைப் பையைப் பிரித்து, போத்தலை மேசையில் வைத்தேன். பட்டப்படிப்புச் சோதனைக்குக்கூட இப்படிப் பயந்ததில்லை.

"இது என்ர சிநேகிதி காய்ச்சினது. ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களோ?"

அவர் புருவம் மேலே போயிற்று. "அனுமதி இருக்கோ எண்டு நான் கேக்கேல்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்." ஒரு புதுக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றினார். மணந்து பார்த்தார். திரும்பவும் மணந்தார். வாயில் விட்டு, கன்னத்துக்குள் அங்கும் இங்கும் உருட்டி, குனிந்து, காலடியில் இருந்த தகர வாளிக்குள் துப்பினார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"இது பாணி இல்லை, வேற ஏதோ," என்றார்.

"சர்க்கரை. எங்கட சர்க்கரை, கட்டியா வரும்."

"அதுதான் இந்த வாசம். வாசம் அருமை, எனக்கே பொறாமையா இருக்கு. ஆனா உங்கட சிநேகிதிக்குச் சொல்லுங்கோ, அவ நிப்பாட்ட வேண்டிய இடத்தில நிப்பாட்டேல்லை. கடைசியில வாறதை விட மனமில்லாமல் பிடிச்சு வச்சிருக்கிறா. அடித்தொண்டையில ஈர அட்டை மாதிரி ஒண்டு நிக்குது."

உண்மை. நிறுத்த வேண்டிய நேரம் மூக்குக்குத் தெரியும். ஆனால் அடுப்பை அணைத்தால் சொட்டுச் சொட்டாக விழும் சத்தமும் நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அதனால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டுக்கொண்டிருப்பேன். என் தனிமையை இந்த மனுசி ஒரு வாயில் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்து வாளிக்குள் துப்பியும்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் கதைப்பதைப் பிறகுதான் யோசிப்பேன்.

"நல்ல வாசம் எண்டால் ஏன் துப்பினீங்கள்? எங்கட ஊரில சாப்பாட்டைத் துப்பினால் சமைச்சவள் அழுவாள், தெரியுமோ?"

அவர் திகைத்துப்போனார். "ஐயோ, அப்பிடி இல்லை! இது தொழில். நாள் முழுக்க ருசி பாக்கிறனான், விழுங்கினால் வீட்டுக்குக் கார் ஓட ஏலாது. என்ர சொந்தச் சாமானையும் துப்பித்தான் பாக்கிறனான்."

"ஓ."

விமானம் ஒன்று மேலால் போயிற்று. இரண்டு பேரும் காத்திருந்தோம். அது போய் முடிய, அவர் மேசையைப் பார்த்தார். என் சிநேகிதியின் கிளாஸ் ஊற்றியபடியே இருந்தது.

"உங்கட சிநேகிதி வரமாட்டா, என்ன?"

"இல்லை," என்றேன். "அப்பிடி ஒருத்தியும் இல்லை. காய்ச்சினதும் நான்தான். இதை இண்டு வரைக்கும் ஒருத்தரும் குடிச்சதில்லை. அதுதான் கொண்டு வந்தனான்." சொல்லும்போது அழுகை வந்தது. அழுதேன். ரம்மின் மேல் பழி போட முடியாத அளவுக்கு அழுதேன்.

அவர் கட்டிப்பிடிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. என் போத்தலை எடுத்தார். தலையைப் பின்னால் சாய்த்து, போத்தலை வாயிலிருந்து எட்டத் தூக்கிப் பிடித்துக் கவிழ்த்தார். ஐயோ, அந்தக் கோலம்! கொஞ்சம் மூக்கில், கொஞ்சம் கழுத்தில், ஒரு ஒழுக்கு றப்பர் பூட்ஸ் வரைக்கும் போயிற்று. மிச்சம் வாய்க்குள் விழுந்தது. அதை விழுங்கினார். இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூடியைத் திருகி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

"வாய் வைக்கேல்லை. அடுத்த ஆளுக்குச் சுத்தமா இருக்கு."

இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். அப்படிச் சிரித்து எத்தனை காலம்! அதற்குள் அடுத்த கூட்டம் வாசலில் வந்து நின்று ஆரவாரம் போட்டது, ஏதோ பிறந்தநாள். அவர் ஒரு துணியால் முகத்தைத் துடைத்தபடி ஓடினார். போகும்போது, "முந்தி நிப்பாட்டுங்கோ, ஓமோ?" என்றார். சரி என்றேன். வேறு ஒன்றும் கதைக்க நேரமிருக்கவில்லை. அவருக்கு அது வேலை நாள்.

திரும்பும் ரெயினில் போத்தலைக் கைப்பைக்குள் வைக்காமல் மடியில் வைத்திருந்தேன். ஒரு ஆள் குடித்துவிட்டார். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் மெரிலேண்ட்ஸ் கிட்டக் கிட்ட, யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் என்று நெஞ்சு கிடந்து துடித்தது. அப்போதுதான் பிரசாதம் ஞாபகம் வந்தது.

ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் கற்கண்டு வாங்கினேன். வீட்டுக்குள் போய், சுவாமி படத்துக்கு முன்னால் ஒரு தரம் வைத்து எடுத்து, கொஞ்சம் திருநீறோடு வெள்ளைக் கடதாசியில் மடித்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினேன். அன்ரி நான் தட்ட முதலே கதவைத் திறந்துவிட்டார். சீலையெல்லாம் மாற்றி, பொட்டு வைத்திருந்தார். கடதாசியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார்.

"எனக்காகவும் கும்பிட்டனியோ?"

"ஓம் அன்ரி."

"சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு வருவாய் எண்டு நினைச்சன். சரி, நீ உள்ள வாவன். தேத்தண்ணி போட்டிருக்கிறன்."

அவருக்குப் பின்னால் மேசை தெரிந்தது. மூன்று கோப்பை வைத்திருந்தார். ஒரு தட்டில் வடை. இந்த அன்ரியின் மகன் மெல்பனில் இருக்கிறான்; அவருடைய மேசையில் மூன்று கோப்பையை நான் ஒருநாளும் கண்டதில்லை.

உள்ளே போகலாம். போக எவ்வளவு ஆசை. ஆனால் கதவடியில் நின்றே என் மூச்சு எனக்கு மணந்தது. சட்டையும் மணந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "தலையிடி அன்ரி, கார்ப் பிரயாணம் ஒத்துவரேல்லை, போட்டுப் பிறகு வாறன்," என்று சொல்லி இரண்டு படி கீழே இறங்கி நின்றேன்.

"வடையாவது கொண்டு போவன் பிள்ளை."

"பிறகு வாறன் அன்ரி."

கதவு உடனே மூடவில்லை. நான் என் வாசலுக்கு வந்து சாவியைத் திருப்பிய பிறகுதான் மேலே மூடும் சத்தம் கேட்டது.

குசினியில் லைட் போடாமல் கதிரையில் இருந்தேன். போத்தல் முன்னால் இருந்தது. எடுத்து அண்ணாந்தேன், கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஆருக்கு இந்தச் சுத்தம்? ஆர் வந்து குடிக்கப் போகினம்? கையை இறக்கி, போத்தலின் கழுத்தை உதட்டில் வைத்து, வாய் நிறையக் குடித்தேன். வாசம் அருமைதான், அவர் பொய் சொல்லவில்லை. பிறகு அடித்தொண்டையில் அந்த ஈர அட்டையும் வந்தது.

மேலே அன்ரி நடக்கும் சத்தம் கேட்டது. மேசைக்கும் குசினிக்கும் இடையில் போய் வந்தார். கோப்பைகளை எடுத்து வைக்கிறார் என்று விளங்கியது.

எழும்பினேன். குழாயைத் திறந்து, நான் வாய் வைத்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். கழுவித் துடைத்து, மூடியைத் திருகி, போத்தலை அலுமாரியில் வைத்தேன்.